திரும்பி வந்த பிஸ்கோத்து டப்பா

நாய் ரொட்டிக்கு மாவு என்ன அளவு, கறித்தண்ணீர் என்ன அளவு என்று கேட்டு, கொட்டிலில் என் வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கடிதம் கிடைத்தது. நாலு படி கோதுமை மாவுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு. எலும்பை வேகவைத்து வடிகட்டிய கறித்தண்ணீரை, மாவு கையில் ஒட்டாமல் திரளும்வரை ஊற்றுங்கள். எலும்பை வெளியே எறிந்துவிடுங்கள். வெந்த எலும்பு ஊசிபோல் பிளக்கும். விரல் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, பங்களா ரொட்டி அடுப்பின் சூடு தணிந்த பிறகு உள்ளே தள்ளிக் கல்லைப்போல் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை.

கைக்கு வராத சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதத்தான் இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறை எழுந்துவிட்டேன். இது மூன்றாவது முறை. மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு பிற்பகல், நீங்கள் இப்போது நிற்கிற அதே நாய்க்கொட்டில் வாசற்படியில் உட்கார்ந்து, என் மகள் எஸ்தர் எட்டி விஷம் பட்ட தின்பண்டத்தைத் தின்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்த விஷம் அவள் கைக்கு வந்து சேர்ந்த வழியில் என் பங்கும் இருக்கிறது.

அதைச் சொல்லுவதற்கு முன், நான் எப்படிப்பட்ட ஆளாக இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆறு மாதம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தொண்டை தாங்காமல் துரையிடம் எழுத்து வேலைக்கு வந்தவன் நான். துரைக்குப் பதினான்கு சீமை வேட்டை நாய்கள். அவற்றோடு, யாரும் வாங்காமல் தானாக வந்து சேர்ந்த செவலை என்ற நாட்டு நாய் ஒன்று. நாய்களுக்குச் சமைத்தவர் ஊரை விட்டுப் போனதும், எழுதப் படிக்கத் தெரிந்தவன் கவனமாக இருப்பான் என்று துரை என்னைக் கொட்டிலுக்குத் தள்ளினார். எழுதப் படிக்கத் தெரிந்ததற்கும் கவனத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் மாதமே காட்டிவிட்டேன்.

உப்பில்லாத சோற்றை ஒருவர் முன்னால் வைப்பது எங்கள் வீட்டில் அவமதிப்பு. கொட்டிலில் வெறும் அரிசியும் கறியும் வெந்து, உப்பும் இல்லாமல் மணமும் இல்லாமல் தட்டில் விழுவதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. இரண்டாம் வாரம் சின்ன வெங்காயத்தைக் கைநிறைய உரித்துப் போட்டு, நெய்யில் வதக்கி, உப்புச் சேர்த்து, மேலே கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டுக் கொடுத்தேன். நாய்கள் தட்டை நக்கிப் பளபளப்பாக்கின.

பக்கத்து லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேலப்பாளையத்துப் பாய் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். நான் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் என்னை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார்.

“வாத்தியாரே, நாய்க்குக் கொத்தமல்லி தூவுத ஆளை இப்பத்தான் பாக்கேன். வெத்தலை பாக்கு உண்டா, இல்ல சாப்பாட்டோட சரியா?”

பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு பெட்டை நாய் சோர்ந்தது. ஈறு வெளுத்துவிட்டது. அது விட்ட மூத்திரம் கறுங்காப்பி நிறத்தில் இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். அதற்குத் தெம்பு வர வேண்டுமே என்று, மற்ற நாய்களின் பங்கிலிருந்தும் எடுத்து அதற்கு இரட்டிப்பாக வெங்காயக் கறி வைத்தேன். மூன்று நாள் இந்த உபசாரம் நடந்தது.

“நீரு வாரதுக்கு முன்ன இந்தச் சீக்கு இங்க இல்லவே,” என்றார் பாய்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மாலை வெறும் சோறும் கறியும்தான் வைத்தேன். பெட்டை தேறிவிட்டது. ஒரு மாதம் பொறுத்து, நான் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தேன். வெங்காயம் சேர்த்த நாட்களில் மறுபடியும் அந்தக் காப்பி நிறம் வந்தது. எந்தப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. பிறகு பூண்டையும் நிறுத்திவிட்டேன். உவரியிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவர்கள் நாய்களைக் கண்டு ஆசையாக ஒன்றிரண்டை எடுத்துப் போட வருவார்கள். அந்த உப்பு நாய்க்கு ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்துவேன். நம் நாக்குக்கு எது நல்லது என்பதை வைத்து அதன் தட்டை நிரப்பாதீர்கள். இரக்கப்பட்டு அள்ளிப் போடுகிற கையைத்தான் இந்தக் கொட்டிலில் முதலில் கட்டிப்போட வேண்டும்.

அடுத்தது, அதற்குச் சில வருஷங்கள் கழித்து நடந்தது. துரை நரி வேட்டை முடித்துப் பத்தமடைப் பக்கமிருந்து திரும்பும்போது, ஒரு நாய் வழியோரத்தில் எதையோ கவ்வி விழுங்கிவிட்டது. அங்கே ஒரு ஆட்டுக் கிடை. நரிக்காகக் கிடைக்காரர்கள் எட்டிக்கொட்டையை அரைத்துக் கறித்துண்டில் தடவிப் போடுவது வழக்கம். எட்டியின் கசப்பு உங்களுக்குத் தெரியும். உள்ளே போனால் அது செய்கிற வேலை கசப்பைவிடக் கொடியது. உடம்பு விறைத்து வில்லாக வளையும். தொட்டால் வளையும், சத்தம் கேட்டால் வளையும். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும்.

“நிக்கும்போதே கடுகுத் தண்ணி ஊத்திருவோம்வே,” என்றார் பாய்.

நான் கிடைக்காரரிடம் போய், மருந்து வைத்தீரா என்று விசாரித்தேன். துரை வீட்டு நாய் என்று தெரிந்ததும் அந்த ஆள் பயந்து, “வைக்கல சாமி, சத்தியமா வைக்கல” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி கேட்டு, மறுபடி பதில் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாய் விறைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடிவந்து அதன் வாயைப் பிளந்து கடுகுத் தண்ணீரை ஊற்றினேன். அது மூச்சுக்குழாயில் போயிற்று. எட்டி கொல்வதற்கு முன் என் தண்ணீர் கொன்றுவிட்டது.

அன்றிலிருந்து கொட்டில் அலமாரியில், வாந்தி எடுக்கக் கடுகுப் பொடியும், விஷத்தை உறிஞ்சச் சிரட்டைக்கரித் தூளும் எப்போதும் இருக்கும்படி வைத்தேன். விறைப்பதற்கு முன்னால் என்றால் வாந்தி எடுக்க வை; விறைத்த பிறகு வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதே, இருட்டில் போடு, தொடாதே, பேசாதே. இதை எனக்கு நானே சட்டமாக்கிக்கொண்டேன். நன்றாகத் தெரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஐரோப்பாவில் சண்டை வந்தது. அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த சீமை நாய் பிஸ்கோத்து நின்றுபோயிற்று. “நீயே செய்” என்றார் துரை. முதல் நாலு தட்டுகள் செங்கல்லாக வந்தன. ஐந்தாவது தட்டு சரியாக வந்தது. பிறகு சீமைச் சரக்கைவிட என் ரொட்டியைத்தான் நாய்கள் விரும்பின என்று சொன்னால், அதில் பொய்யில்லை. அடுப்பைத் திறந்தால் தெருநாய்களெல்லாம் சுவரைச் சுற்றி வரும். பழைய சீமை டப்பாக்கள் மிச்சம் இருந்தன. அவற்றில்தான் ரொட்டியைப் போட்டு வைத்தேன். மூடியில் பூப்போட்ட நல்ல டப்பாக்கள்.

அந்த வருஷம் வெறிநாய்ப் பயம் பரவியது. தெருநாய்களுக்கு விஷம் வைப்பதற்கென்று முனிசிபாலிட்டியில் ஒரு சேவகரை நியமித்திருந்தார்கள். வண்ணார்பேட்டையில் குடியிருந்தவர், சாது, தெருவில் யாரைக் கண்டாலும் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்கிறவர். அவர் ஒருநாள் கொட்டிலுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, நான் வைக்குத சோத்துருண்டையை மோந்து பாத்துட்டுப் போயிருதுவ. உங்க ரொட்டின்னா ஒரு நாயும் விடாது. ஒரு நாப்பது தாங்க. நான் அங்கன கொண்டுபோய்ச் சேக்கவேண்டியதைச் சேத்துக்கிடுதேன்.”

உண்மையைச் சொல்லுகிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்பது ரொட்டியை எண்ணி, ஒரு பூப்போட்ட டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். வாழையிலையில் கட்டிக் கொடுத்திருக்கலாம். காகிதத்தில் சுற்றியிருக்கலாம். என் ரொட்டி நல்ல டப்பாவில் போக வேண்டும் என்று தோன்றியது.

“டப்பாவைத் திருப்பித் தந்திருதேன் அண்ணாச்சி.”

“பைய தாங்க. அவசரமில்ல,” என்றேன் நான்.

விஷம் கலப்பதற்கென்று என் ரொட்டி போகிறது. அதை எங்கே கலப்பார், எந்தப் பாத்திரத்தில் கலப்பார் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. டப்பா திரும்பி வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

எட்டு நாள் கழித்துத்தான் அந்தப் பிற்பகல். பள்ளிக்கூடம் விட்டு வந்த எஸ்தர், வழக்கம்போல் எனக்காகக் கொட்டிலுக்கு வந்திருக்கிறாள். நான் பின்கட்டில் மாவு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடி. பக்கத்தில் அந்த டப்பா. செவலை அதற்குள் தலையை விட்டு அடியை நக்கிக்கொண்டிருந்தது.

“இது எப்படி வந்தது?” என்றேன்.

“சேவகர் மாமா கொடுத்துட்டுப் போனாங்கப்பா. உள்ள முந்திரிக்கொத்து இருந்துச்சு. மாமி உனக்குத்தான் வச்சிருக்கா, தின்னுன்னாங்க.”

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. முந்திரிக்கொத்து, ரொட்டி இல்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வராமல், வீட்டில் சுட்ட பலகாரத்தை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே செய்வோம்? இந்த ஊரில் யார் வெறும் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புவார்கள்?

“நல்லா இருந்ததா?”

“ஒண்ணு நல்லா இருந்துச்சு. அடியில கிடந்தது கசந்துச்சுப்பா. அதான் பாதியைச் செவலைக்குப் போட்டுட்டேன்.”

கசந்தது என்றாள். பாகு முறுகினால் கசக்கும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. டப்பாவைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடியில் ரொட்டித்தூள் ஏதாவது இருக்கிறதா, அது என் ரொட்டிதானா என்று தேடினேன். நன்றாகக் கவனியுங்கள். பிள்ளையைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தேன். என் கைச்சரக்கின் மேல் குற்றம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி தேடினேன்.

லாயத்திலிருந்து பாய் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். “யாரையாவது வண்ணார்பேட்டைக்கு ஓடச் சொல்லி, சேவகர் இந்த டப்பாவிலேதான் கலந்தாரா என்று கேட்டுவரச் சொல்லுங்கள்” என்றேன்.

பாய் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“கேட்டுட்டா மட்டும் வயித்துல கெடக்கது வெளிய வந்துருமாவே? பத்தமடைப் பாதையில நின்னு விசாரிச்சீரே, பத்தலையா? கடுகை எடும்!”

நான் டப்பாவின் மூலையில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தேன். அதன் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடுகுப் பொடியை வெந்நீரில் கரைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். எஸ்தர் முகத்தைத் திருப்பினாள். பாய்தான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, “குடி கண்ணு, இந்தக் கிண்ணத்தைக் காலி பண்ணினா குதிரை மேல ஏத்தி ரெண்டு சுத்து வாரேன்” என்றார். குடித்தாள். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன்; மறுபடி எடுத்தாள். கரித்தூளை நீரில் குழைத்துக் கொடுத்தேன். அதற்குள் செவலையின் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. பாய் அதை மெல்ல அழைத்துக்கொண்டு, பிள்ளை பார்க்காதபடி லாயத்துக்குப் பின்னால் போனார். டப்பாவின் அடியையெல்லாம் நக்கியிருந்த நாய். இரண்டாவது கிண்ணம் அதற்குக் கரைக்க எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கரைத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

பாய் சொல்லி, டாக்டரைக் கூட்டிவரத் துரையின் வண்டியே ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அந்த இடைவெளியில் எஸ்தர், “அப்பா, தாடை இறுக்கமா இருக்கு” என்றாள். அதோடு நான் கரித்தூள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அந்தப் பாதியையும் கொடுத்தால் தேவலை என்று கை துடித்தது. கொடுக்கவில்லை. நான் செய்தவற்றில் இந்த ஒன்றைத்தான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சரி என்று சொல்லுவேன்.

அவளை மாவு அறையில் கோரைப்பாயில் படுக்கவைத்துச் சன்னலை அடைத்தோம். டாக்டர் வந்தார். வாந்தியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தூக்கத்துக்கான மருந்து கொஞ்சம் கொடுத்தார். “இனி சத்தமும் வெளிச்சமும்தான் விரோதி. யாரும் தொடக்கூடாது” என்று வெளியே வந்து எங்களிடம் முணுமுணுத்தார்.

என் மனைவி அன்னம்மாள் அப்போதுதான் செய்தி கேட்டு ஓடிவந்தாள். வாசலில் நிறுத்தினேன்.

“ஒரே ஒரு தடவ தொட்டுக்கிடுதேங்க. சத்தமே போடமாட்டேன்.”

“கூடாது.”

“பெத்தவ தொட்டா என்ன ஆயிரும்?”

என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே டாக்டர் கையிலிருந்த கரண்டி தட்டில் மோதிச் சின்னதாக ஒரு சத்தம் எழுந்தது. எஸ்தரின் உடம்பு கோரைப்பாயிலிருந்து எழும்பி வளைந்து, நின்று, பிறகு விழுந்தது. கண் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்னம்மாள் தன் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தாள். அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ரோடு வழியாகப் பாரவண்டிகள் போகிற நேரம். பாய் லாயத்திலிருந்த வைக்கோலையெல்லாம் கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து, கொட்டிலுக்கு முன்னால் ரோட்டில் முழங்கால் ஆழம் பரப்பினார். வண்டிக்காரர் ஒருவர், “என்ன பாய், ரோட்டுக்குப் படுக்கை போடுதீரா?” என்று உரக்கக் கேட்டார். பாய் ஓடிப்போய் அந்த ஆளின் வாயைக் கையால் பொத்தி, காதில் ஏதோ சொன்னார். அந்த வண்டிக்காரரே பிறகு இறங்கி, மாட்டுக் கழுத்திலிருந்த சலங்கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து வந்த வண்டிகளை முக்கிலேயே நிறுத்தினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் எனக்கு எங்கள் மிஷன் கோயில் மணி நினைவுக்கு வந்தது. சாயங்கால ஆராதனை மணி. கொட்டிலிலிருந்து கூப்பிடு தூரம். நான் பாயைப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் நடந்துவிட்டார். மணியடிக்கிறவரிடம் அவர் என்ன சொன்னார் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். “நீரு இன்னைக்கு மணியடிக்காண்டாம். வாரவுகளை வாசல்ல நின்னு நான் கூப்பிட்டு விடுதேன்” என்று சொல்லி, தொப்பியோடு கோயில் வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் விரலை உதட்டில் வைத்து உள்ளே அனுப்பினாராம்.

இன்னும் ஒரு முறை வளைந்தாள். அதன் பிறகு இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்டர் அவள் பாதத்தைத் தொட்டார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தாள். “உள்ளே போனது கொஞ்சம்தான். அதிலும் பெரும்பங்கு வெளியே வந்துவிட்டது. பிழைத்தாள்” என்றார். நான் அவரிடம் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அன்னம்மாளிடம் போய், “இப்போது தொடலாம்” என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை சேவகரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மாள்தான் உள்ளே வந்தார்.

“வெறும் டப்பாவைக் கொடுத்துவிட மனசு வரல அண்ணாச்சி. கழுவிக் குடுன்னு இவுக சொன்னாக. எதுக்குன்னு சொல்லல. சொன்னா நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு பயந்து சொல்லல. பிஸ்கோத்துத் தூள்தானேன்னு துணியால தொடச்சுட்டு வச்சேன்.”

சேவகரை அடிக்க வேண்டும் என்றுதான் நான் எழுந்தேன். எழுந்தபோது அந்தத் துணி என் நினைவுக்கு வந்தது.

“துடைத்த துணி எங்கே?” என்றேன்.

“அடுப்படியில…” என்றவர் முகம் மாறிவிட்டது. அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்த அம்மாள் ரோட்டில் ஓடியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே சேவகர் ஓடினார். நானும் ஓடினேன். துணி அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. சேவகர் அதைக் குச்சியால் எடுத்து முற்றத்தில் வைத்து எரித்தார். மூன்று பேரும் அது சாம்பலாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அடிக்க ஓங்கிய கை எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியவில்லை.

துரை அந்தச் சேவகரை வேலையை விட்டு நீக்க எழுதப்போவதாகச் சொன்னார். டப்பாவைக் கொடுத்தவன் நான், திருப்பிக் கொண்டுவரச் சொன்னவனும் நான் என்று சொன்னேன். துரை காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

ஆகவே, கேளுங்கள். கொட்டிலிலிருந்து வெளியே போகிற எந்தப் பாத்திரமும் திரும்பி உள்ளே வரக்கூடாது. கொடுப்பதாக இருந்தால் இலையில் கொடுங்கள். யாராவது அன்பாகத் திருப்பிக் கொண்டுவந்தால், அவர் கண்முன்னாலேயே உடைத்தாலும் சரி, புதைத்தாலும் சரி; அவர் முகம் சுளிப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே செய்கிற ரொட்டி விஷத்துக்குத் துணை போகாது என்று சொல்லிவிடுங்கள். துரையே கேட்டாலும் சொல்லுங்கள். ஏதாவது தப்பு நடந்தால், யார் செய்தது என்று பார்க்கிற புத்தியை ஒரு நாள் தள்ளி வையுங்கள். எது வயிற்றில் இருக்கிறது என்பது மட்டும்தான் முதல் கேள்வி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் ஏன் நாற்பத்தெட்டு வயதில் விலகினேன் என்று உங்களிடம் பலர் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். கண் மங்குகிறது என்று துரையிடம் நான்தான் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பிற்பகலுக்குப் பிறகும் இரண்டு வருஷங்களுக்கு மேல் கொட்டிலில் வேலை பார்த்தேன். ஒரு நாய்க்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் கடைசி மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று தட்டு நல்ல ரொட்டியைக் குழி வெட்டிப் புதைத்தேன். மூன்றிலும் ஒரு பழுதும் இல்லை. எனக்குக் கசந்தது. பாய் ஒன்றை எடுத்துக் கடித்துத் தின்று காட்டினார், அப்போதும் கசந்தது. எல்லாவற்றையும் எறிகிறவன் ஜாக்கிரதைக்காரன் அல்ல. அவனுக்கு நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கத் தெரியாமல் போய்விட்டது; அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்ட அன்று விலகிவிட்டேன். அந்த முடிவும் சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். எஸ்தருக்குப் பத்து வயதாகிறது. நல்ல உயரம். செவலை என்ன ஆயிற்று என்று கேட்டபோது, அது செத்ததை நான் மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கொட்டிலுக்கு வரட்டுமா என்று கேட்கத் தொடங்கினாள். நான் முடியாது என்றேன். மறுபடி கேட்டாள். மூன்று வருஷமாகக் கேட்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, அவள் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்து நான் தின்று பார்த்தேன். அது என் வழக்கமாகிவிட்டது. அவள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “நீங்களே சாப்பிடுங்கப்பா. எனக்குப் பசியில்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்னம்மாள் என்னைப் பார்த்தாள். சரி, போ என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே வருகிற சனிக்கிழமை காலை அவள் உங்களிடம் வருவாள். மாவு பிசையக் கேட்பாள், கொடுங்கள். ரொட்டியை நாய்க்குப் போடுவதற்கு முன் தன் வாயில் போட்டுப் பார்ப்பாள், தடுக்காதீர்கள். ஏதாவது கசக்கிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே நம்புங்கள். பாயும் லாயத்தில் இருப்பார். அவர் அவளுக்குக் குதிரை மேல் இரண்டு சுற்றுக் கடன்பட்டிருக்கிறார். அதையும் அவள் கேட்பாள்.

நான் உள்ளே வரமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நிற்பேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டால் பார்க்காததுபோல் இருந்துவிடுங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம்.